சூனேமியாளின் துயரமும் நம் மேய்ப்புப்பணியும்: புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் குழந்தையின் குடும்பம்

அறுவடைக் காலத்தில் தகப்பனிடம் சென்ற சிறுவன் தலை வலிக்கிறதென்று சொன்னான். தகப்பன் அவனைத் தாயிடம் அனுப்பினான். நண்பகலில் அவன் தாயின் மடியிலேயே மாண்டான். தீர்க்கதரிசியைத் தேடி ஓடிவந்து அவர் கால்களைப் பற்றிக்கொண்ட அத்தாயைக் கேயாசி விலக்கிவிட முயன்றான். எலிசாவோ, இவள் துயரத்தின் காரணத்தை ஆண்டவர் தமக்கு வெளிப்படுத்தவில்லை என்று ஒப்புக்கொண்டார் (2 இராஜாக்கள் 4:18-37). பிள்ளையின் நோயால் கலங்கும் குடும்பத்தின்முன் நிற்கும் ஆயருக்கு இப்பகுதி கற்பிப்பது மிகுதி.

சிவகாசிக்கு அருகிலுள்ள எம். புதுப்பட்டி போன்ற ஓர் ஊரிலே, பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் குடும்பம் ஒன்றை மனக்கண்முன் நிறுத்துவோம். நான்கு வயதுக் குழந்தைக்கு விடாத காய்ச்சல், முகம் வெளிறுகிறது, கால் எலும்புகள் வலிக்கின்றன. பரிசோதனையில் இரத்தப் புற்றுநோய் எனத் தெரியவருகிறது. அன்று முதல் அவ்வீட்டின் நாள்கணக்கே மாறிவிடுகிறது.

1. நோயும் மருந்தும்

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படுவது இரத்தப் புற்றுநோயே. எலும்பு மஜ்ஜையில் முதிர்ச்சியடையாத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமற் செய்துவிடுகின்றன. 1940களின் நடுப்பகுதிவரை இதற்கு மருந்தே இல்லை. 1948இல் பாஸ்டன் நகரின் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்னும் மருந்தால் சில குழந்தைகளின் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை வெளியிட்டார். அம்மருந்தை உருவாக்கிய ஆய்வுக்குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் என்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்கது. நம் வீட்டோரங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்தே வின்கிரிஸ்டின் என்னும் மருந்து கிடைத்தது. இன்று செல்வ நாடுகளில் புற்றுநோயுற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமடைகின்றனர். ஏழை நாடுகள் பலவற்றில் இது 30க்கும் குறைவு என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் பல: காலந்தாழ்த்தி நோயைக் கண்டறிதல், மருந்து கிடையாமை, சிகிச்சையின்போது பற்றும் தொற்றுநோய்கள். இவற்றோடு இன்னொன்றும் உண்டு: சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுதல். ஆயர் கவனிக்கவேண்டியது இதுவே.

பொதுவாகக் காணப்படும் வகை இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிக்கிறது. முதல் ஒரு மாத அளவிலேயே பல குழந்தைகளின் இரத்தம் தூய்மையாகத் தோன்றும்; குழந்தை எழுந்து விளையாடும். ஆயினும் கண்ணுக்குப் புலப்படாத நோயணுக்கள் உள்ளே தங்கியிருக்கும். அவற்றை ஒழிக்கவே அடுத்த கட்டச் சிகிச்சைகளும், நெடுநாள் வீட்டில் கொடுக்கும் மாத்திரைகளும். குணமானதுபோல் தோன்றும் அந்நாள்களே ஆபத்தான நாள்கள்.

2. வீட்டின் பாரம்

1954இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் அடையாற்றில் தொடங்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை ஏழைகளுக்கும் கதவு திறந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இன்று சிகிச்சைச் செலவின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. ஆனால் சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. பொதிகை விரைவு வண்டியில் இரவுப் பயணம், தங்கும் அறை, வெளிச்சோறு, இழந்த கூலி ஆகியவற்றைக் காப்பீடு தருவதில்லை. தாய் மருத்துவமனையில், தகப்பன் வேலையில், மூத்த பிள்ளை பாட்டியிடம். வாரக்கூலி நின்ற வீட்டில் முதலில் நகை போகிறது, பிறகு வட்டிக்கடன் வருகிறது. குழந்தை தேறியதாகத் தோன்றும்போது, இனி எதற்கு அலைச்சல் என்னும் எண்ணம் எழுவது இயல்பே. அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

தலைமுடி உதிர்ந்த குழந்தை ஊருக்குத் திரும்பினால், எந்தக் கோயிலுக்கு மொட்டை என்று தெருவில் கேட்பார்கள். ஒட்டிக்கொள்ளும் நோயோ என்று சிலர் ஒதுங்குவர். புற்றுநோய் தொற்றுவதில்லை என்பதை ஆயர் பிரசங்க பீடத்திலிருந்தே சொல்லலாம்.

3. "நான் செய்த பாவமா?"

தாய் கேட்கும் கேள்வி இது. கருவுற்றிருந்தபோது மருந்துத்தூளில் கைவைத்து வேலை செய்தேனே என்று அவள் தன்னையே குற்றஞ்சாட்டிக்கொள்வாள். குழந்தைப் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றிற்குக் காரணம் இன்னதென்று மருத்துவம் கூற இயலவில்லை. ஒரு குறிப்பிட்ட குழந்தையின் நோயைத் தாயின் வேலையோடு முடிச்சுப்போட யாராலும் இயலாது. பிறவிக் குருடனைக் குறித்துச் சீடர் கேட்ட கேள்வியை ஆண்டவர் ஏற்கவில்லை (யோவான் 9:1-3). தாவீதின் குழந்தையின் நோயைப் பாவத்தோடு இணைக்கும் பகுதியும் திருமறையில் உண்டு (2 சாமுவேல் 12). அது அரசன் ஒருவனுக்குத் தீர்க்கதரிசி உரைத்த தீர்ப்பு. ஒவ்வொரு தொட்டிலுக்கும் பொருத்தும் சட்டமன்று. எலிசாவே அறியாததை அறிந்ததுபோல் நாம் பேசலாகாது.

4. ஜெபமும் சிகிச்சையும்

குணமளிக்க வேண்டி ஜெபித்தல் சபையின் கடமை. ஆனால் ஜெபித்தாயிற்று, விசுவாசம் இருந்தால் மருந்தை நிறுத்து என்று சொல்லும் ஊழியர், தாம் அறியாமலேயே குழந்தையை மரணத்திற்கு ஒப்புக்கொடுக்கக்கூடும். எசேக்கியா கண்ணீரோடு ஜெபித்தான். ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னார் (ஏசாயா 38). இரண்டும் ஒரே அறையில் நிகழ்ந்தன. ஆகவே, வீட்டில் ஜெபித்து முடித்ததும் அடுத்த ஊசி எந்நாள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதும் மேய்ப்புப்பணியே.

5. சபை செய்யத்தக்கவை

மருந்தினால் குழந்தையின் எதிர்ப்புச்சக்தி குன்றியிருக்கும். எனவே பெருங்கூட்டமாக வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்துதல் அன்பாகாது. சளி, இருமல் உள்ளவர் போகலாகாது. காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வாகனமும் ஆளும் ஆயத்தமாயிருக்கவேண்டும். ஓய்வுநாள் பள்ளியில் எவருக்கேனும் அம்மை கண்டால் அவ்வீட்டிற்கு உடனே தெரிவிக்கவேண்டும். நாட்டு மருந்தோ வேறு மருந்தோ மருத்துவரைக் கேளாமல் கொடுக்கவேண்டாமென அறிவுறுத்தலாம். வாலிபர் இரத்ததானம் செய்யலாம். பெண்கள் ஐக்கியம் மூத்த பிள்ளையின் உணவையும் படிப்பையும் கவனிக்கலாம். எல்லாரும் தம்பியையே விசாரிக்கும் வீட்டில் அப்பிள்ளையை விசாரிப்பார் இல்லை. மாத்திரைக் காலத்திலும் பயணச்செலவைச் சபை ஏற்பதே சிகிச்சை நின்றுபோகாமல் காக்கும் வழி.

யவீருவின் மகளை எழுப்பிய ஆண்டவர், அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி கட்டளையிட்டார் (மாற்கு 5:43). சூனேமியாளின் வரலாறும் மகன் பிழைத்ததோடு முடியவில்லை. இழந்த வீட்டையும் வயலையும் பின்னர் அவள் அரசனிடம் முறையிட்டுப் பெற்றாள் (2 இராஜாக்கள் 8:1-6). பிள்ளை பிழைத்தபின் கடன் பிழைத்திருக்கும் வீட்டையும் சபை மறக்கலாகாது.

எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை. அவ்வேளையில் விளக்கம் தேடவேண்டாம். அடக்க ஆராதனைக்குப் பின்னும் அவ்வீட்டிற்குத் தொடர்ந்து செல்வோம்.

எலிசா முதலில் தம் தடியைக் கேயாசியிடம் கொடுத்தனுப்பினார். அதனால் பயனில்லை. தாயோ அவரை விட்டுப் போக மறுத்தாள். ஆகவே அவரே எழுந்து அவள் பின்னே நடந்தார். ஞாயிறு ஆராதனையில் பெயர் சொல்லி ஜெபிப்பதோடு நாம் நின்றுவிட்டால், நாம் தடியை மட்டுமே அனுப்பியவர்களாவோம்.