வண்டி தந்தார்கள், வழி எங்கே?

மாலை நாலரை மணி. பள்ளி விடுகிறது. பதினோராம் வகுப்புப் பெண்கள் நாலைந்து பேர், அரசு தந்த மிதிவண்டிகளில் ஏறி ஊர் திரும்புகிறார்கள். பின்னே இரைகிறது ஒரு லாரி. முன்னே பாய்ந்து வருகிறது ஒரு பேருந்து. பெண்கள் என்ன செய்கிறார்கள்? தார்ச் சாலையை விட்டு இறங்கி, புழுதியிலே காலூன்றி நிற்கிறார்கள். நிற்கிறார்கள், தம்பி! ஓட்டுவதற்குத் தந்த வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்!

வண்டி தந்ததிலே குறையில்லை, பெருமைதான். ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று 2001-இல் தொடங்கிய திட்டம், பின்னர் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பயிலும் மாணவ மாணவியருக்கெல்லாம் என்று விரிந்தது. ஆட்சிகள் மாறின, வண்டி நிற்கவில்லை. ஆனால், வண்டி தந்த கை வழி தந்ததா?

புதிதாக வெட்டித் தரவேண்டும் என்பதுகூட இல்லை. வழி இருக்கிறது. நம் கொங்குச் சீமையிலே காடுதோறும் தோட்டந்தோறும் இருக்கிறது. இட்டேரி என்று அதற்குப் பெயர்.

தஞ்சைத் தோழருக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம், சொல்கிறேன். எங்கள் பக்கத்து உழவர் ஊருக்குள்ளே நெருங்கிக் குடியிருப்பதைவிட, அவரவர் தோட்டத்துச் சாளையிலே சிதறிக் குடியிருப்பவர். காங்கயம் மாடு மேயும் கொரங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி. இந்தக் காட்டு வேலிக்கும் அந்தக் காட்டு வேலிக்கும் நடுவே, மாடு பயிரிலே வாய் வைக்காமல் போக, மாட்டுவண்டி உருள, விட்டுவைத்த மண்தடம்தான் இட்டேரி. சாளையிலிருந்து சாளைக்கு, சாளையிலிருந்து ஊருக்கு, வளைந்து வளைந்து போகும். வேலியெல்லாம் பிரண்டையும் கோவைக்கொடியும். காலடியிலே கௌதாரி சிறகடிக்கும். லாரிக்கு அங்கே வேலையில்லை, ஆகவே அமைதி. அந்த அமைதியை எந்தச் சட்டமும் போடவில்லை, எந்தப் பலகையும் அறிவிக்கவில்லை!

சென்ற மாதம், காங்கயத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் கூட்டம். மிதிவண்டியிலே புறப்பட்டேன். பெரிய சாலையைத் தொடப்போகும் முனையிலே வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கைகாட்டி நிறுத்தினார்.

"எங்கீங் தம்பி, அந்தப் பக்கம்? இந்த இட்டேரீலயே போயிருங்க. ரெண்டு மைல் சுத்துத்தான். லாரிக்காரன் கண்ணுக்கு நாம எங்கீங் தெரியறோம்?"

சுற்றித்தான் போனேன். கூட்டத்துக்கு அரைமணி தாமதம். உயிரோடு போனேன் என்றதும் கைதட்டினார்கள். சிரிப்புக்காகச் சொன்னேன் என்று எண்ணினார்களோ என்னவோ!

கோவை நகரம் நேற்று முளைத்ததல்ல. 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலை. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் ஆலைகள் எழுந்தன. சங்கு ஊதுமுன்னே சேரவேண்டுமே! சுற்றுப்புற ஊர்களிலிருந்து நடந்து வந்தான் தொழிலாளி. காசு சேர்ந்ததும் சைக்கிளில் வந்தான். கைப்பிடியிலே தூக்குப்போசி, பையிலே கட்சி ஏடு, காலுக்கடியிலே வண்டித்தடம். இன்று சோமனூரிலே இரவு முழுதும் தறி ஓட்டிவிட்டு, தூக்கம் கண்ணைச் சொருக வீடு திரும்புகிறவனுக்கு எது வழி? நெடுஞ்சாலையின் ஓரம், ஒரு முழம்!

மேலை நாட்டிலும் இந்தக் கதை உண்டு. இங்கிலாந்திலே இராபர்ட் பிளாட்ச்ஃபோர்டு நடத்திய 'கிளாரியன்' என்ற சமதர்ம ஏட்டின் வாசகர்கள், 1894-இல் பர்மிங்காம் நகரிலே சைக்கிள் கழகம் கண்டார்கள். ஞாயிறுதோறும் நாட்டுப்புறப் பாதைகளிலே போய், ஊரூராக ஏடு விற்றார்கள். காற்றும் கிடைத்தது, கொள்கையும் பரவியது. ஹாலந்து நாட்டிலே 1971-ஆம் ஆண்டில் மட்டும் சாலையிலே மாண்டவர் சுமார் 3,300 பேர். அவரிலே 400-க்கு மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று முழங்கினார்கள். அதன் பிறகே அந்நாட்டுச் சாலைகளில் மிதிவண்டிக்குத் தனித் தடம் பெருகியது.

நமக்கோ, தடம் இருக்கிறது, தேய்கிறது. வேலியை ஒரு முழம் நகர்த்துகிறார் ஒருவர். கிளுவையைப் பிடுங்கிக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கிறார் இன்னொருவர். மனையாக விற்கும்போது பாதையையும் சேர்த்தே விற்கிறார் வேறொருவர். வாய்க்கால் கரையோ? பவானியில் பிரிந்து 90 கிலோமீட்டர் பாம்புபோல் வளைந்தோடும் காலிங்கராயன் கரை, 200 கிலோமீட்டர் நீண்ட கீழ்பவானிக் கரை. மஞ்சளும் வாழையும் நெல்லும் தோழமை தர, பல இடங்களிலே கரையே பாதை. அங்கங்கே குப்பைமேடு!

தார் வேண்டாம் என்கிறேனா? இல்லை. சாளையிலே பாம்பு கடித்தவனைத் தூக்கிப்போக ஆம்புலன்ஸ் வரவேண்டும். தேங்காய் ஏற்றவும் வண்டி வரவேண்டும். போடட்டும், ஆனால் வேலியைத் தின்று, அகலத்தைப் பெருக்கி, நெடுஞ்சாலைக்குக் குறுக்குவழி ஆக்காமல் போடட்டும். அவிநாசி சாலையிலே 10 கிலோமீட்டர் மேம்பாலம், ஜி.டி. நாயுடு பெயரிலே, 2025 அக்டோபரில் திறந்தார்கள், மகிழ்ந்தேன். மேலே கார் பறக்கட்டும். தரையிலே மிதிப்பவனுக்கு ஒரு தடம் கேட்கிறேன்.

இலட்ச ரூபாய் வண்டியிலே, இறுக்கச் சட்டை மாட்டி, விடியலிலே ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை என்று தென்னந்தோப்பு வழிகளைத் தேடிப் போகும் நகரத்து இளைஞர்களை ஏளனம் செய்யாதே. அவர்கள் தேடுவது இன்பம், நம்மவன் தேடுவது கூலி. தேவைப்படும் பாதை ஒன்றே. அவர்களையும் சேர்த்துக்கொள்.

மே 1 அன்று ஊராட்சிதோறும் கிராம சபை கூடும். கழகத் தோழன் கிராம வரைபடத்தைக் கேட்டுப் பார்க்கட்டும். வரைபடத்திலே வண்டிப்பாதை எத்தனை? நிலத்திலே எத்தனை? பள்ளிக்கும் தறிக்கூடத்துக்கும் போகும் இட்டேரி எது? அதை அளந்து கல் நடவும், வேலி காக்கவும், குழி மூடவும் தீர்மானம் வைக்கட்டும்.

போகும்போது சைக்கிளிலேயே போ, தம்பி. இட்டேரி வழியாகவே போ. பஞ்சர் ஒட்டும் சாமான் மட்டும் மறவாதே. வேலிக்காத்தான் முள்ளுக்கு நம் கொடியும் தெரியாது, எதிரி கொடியும் தெரியாது!