தண்ணீருக்கு அஞ்சும் பூனையைச் சுத்தம் செய்வது எப்படி?

எலி பிடிக்க வளர்க்கும் பூனையைக் குளிப்பாட்டத் தேவையில்லை. சேறு பட்டிருந்தால் காய்ந்ததும் தட்டிவிட்டு, ஈரத்துணியால் முடி படிந்திருக்கும் போக்கிலேயே துடைத்தால் போதும். மீதியை அதுவே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்.

அந்த நக்கும் பழக்கம்தான் சில வேளைகளில் ஆபத்து. கழிவு எண்ணெய், பூச்சிமருந்து, பினாயில் எது மேலே பட்டாலும் நேராக வயிற்றுக்குள் போய்விடும். மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவற்றை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நடுக்கம், வலிப்பு வந்து உயிரே போகலாம். 'மாட்டுக்குப் போட்டதில் மிச்சம்தானே' என்று பூனை உண்ணிக்கும் தடவுவதை அடியோடு விடுங்கள்.

இப்படிப் பட்டுவிட்டால் கழுவியே ஆக வேண்டும். முதலில் கையுறை அணியுங்கள். கால் வழுக்கினால் பூனை மிரளும். எனவே அகன்ற தொட்டியின் அடியில் சாக்கை விரித்து, வெதுவெதுப்பான நீரை நான்கு விரற்கடை உயரத்துக்கு மட்டும் ஊற்றுங்கள். ஒருவர் தோளைப் பிடிக்க, மற்றவர் கழுத்துக்குக் கீழே குவளையால் மெல்ல ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் தேய்த்து அலசலாம். குழாய்நீரைப் பீய்ச்ச வேண்டாம். முகத்துக்கு ஈரத்துணி போதும். கிரீஸ் என்றால் முதலில் சமையல் எண்ணெய் தடவி இளக்குங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் கூடவே கூடாது.

துண்டால் சுற்றித் துவட்டி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். உங்களைக் கீறினாலோ கடித்தாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநோய்த் தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையம் செல்லத் தாமதிக்காதீர்கள்.