பரிசல், பறை, பாஞ்சோ... அப்புறம் உங்க முதல் ஆல்பம்!

தர்மபுரி, சேலம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு டூர் என்றாலே ஒகேனக்கல்தான். பென்னாகரம் தாண்டினதுமே பஸ்ஸின் கடைசி சீட்டில் கச்சேரி களைகட்டிவிடும். டிபன் பாக்ஸ், சீட் கம்பி, பக்கத்தில் தூங்குகிறவன் முதுகு... எல்லாமே தாளம்தான்! அப்புறம் எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல், மீன் வறுவல், பரிசல். திரும்பி வரும்போது எவனாவது ஒருத்தன் நிச்சயம் சொல்வான்: ''மச்சி, பேசாம நாமளே ஒரு பேண்ட் ஆரம்பிச்சு ஆல்பம் போட்டுடலாம்டா!''

போடுங்க, தாராளமா போடுங்க. அதுக்கு முன்னாடி, காலையில ஏறி உட்கார்ந்தீங்களே பரிசல், அதை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. மூங்கிலில் வட்டமாப் பின்னின கூடை. இப்போ அதன் அடியில் பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும் இருக்கு. அந்தக் காலத்தில் அங்கே போர்த்தியிருந்தது தோல். பறையும் கிட்டத்தட்ட அதே கதைதான். வட்டமான மரச்சட்டம், மேலே மாட்டுத் தோல். தீயில் காய்ச்சி விறைப்பேற்றி அடிச்சா ஊரே அதிரும். ஆனா, பரிசலில் ஏறுகிற யாரும் அந்தத் தோலைப் பற்றி யோசிக்கிறதில்லை. பறை அடிக்கிறவரை மட்டும் சாவு வீட்டு வாசலிலேயே காலம்காலமா நிறுத்தி வைத்தது ஊர். இரண்டுமே தோல்தானே பாஸ்?

2018 ஜனவரி 6-ம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில், ஒரு பள்ளி மைதானத்தில், அந்த வாசலைத் தாண்டி மேடையேறியது ஒரு புது பேண்ட். பெயர் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. மொத்தம் 19 பேர். இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து தேடிப் பிடித்த பாடகர்கள், வாத்தியக்காரர்கள். சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாச பண்டிதர் பேசினாரே, பேண்டின் பெயர் வந்தது அங்கிருந்துதான். கிடார், டிரம்ஸ் பக்கத்திலேயே பறையும் சட்டியும். வட சென்னையில் சாவு வீடுகளில் ராத்திரி முழுக்கப் பாடப்பட்ட கானா, ராக்கோடும் ராப்போடும் கைகோத்தது. இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, வட சென்னையைப் பற்றி ஒரு பாட்டு. ஆண்கள் கோட்டையான கானாவில் இசைவாணி என்கிற பெண்ணின் குரல். 2020-ல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தாரே, அவர்தான். (என்னைக் கேட்டா, இவங்க பாட்டை முதல் தடவை ஹெட்போனில் கேட்காதீங்க. நாலு பேரோட, ஸ்பீக்கர் கிழியக் கேளுங்க.)

அந்த 19 பேரில் ஒருவர் அரக்கோணத்துக்கார அறிவு. இன்ஜினீயரிங் படித்தவர், அதாவது உங்க ஆள்! 2019-ல் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' என்று ஆல்பமே போட்டார். 2021 மார்ச்சில் வந்தது 'என்ஜாயி எஞ்சாமி'. நீங்க ஆடாத கல்ச்சுரல்ஸா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எடுத்த பாட்டு அது.

அதே வருஷம் ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகையின் அட்டையில் அந்தப் பாட்டைப் பாடிய தீ இருந்தார், இன்னொரு பாடகர் இருந்தார், அறிவு இல்லை. இரஞ்சித் வெளிப்படையாவே கேள்வி கேட்டார். பிறகுதான் அறிவுக்கும் தனியாக ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது, மேடையில் அறிவு இல்லை. பாட்டை எழுதியதும் மெட்டமைத்ததும் தான்தான் என்று அவர் பதிவு போட, அறிவுக்குரிய இடத்தை எங்குமே மறைக்கவில்லை என்று தீயும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் விளக்கம் கொடுத்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று உங்க ஹாஸ்டலில் ராத்திரி முழுக்கச் சண்டை போடுங்க. என் கவலை வேற. ஊரே ஆடின பாட்டுக்கே இந்தக் கதி என்றால், பேர் தெரியாத பறைக்காரர் சொல்லிக்கொடுத்த ஓர் அடிக்கு யார் கிரெடிட் கொடுப்பாங்க?

இது தமிழ்நாட்டுக் கதை மட்டுமில்லீங்க. அமெரிக்கக் கிராமத்து இசையான 'கன்ட்ரி மியூசிக்'கை எடுத்துக்குங்க. தொப்பி, பூட்ஸ், கையில் பாஞ்சோ. அந்த பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்கள் செய்த வாத்தியம். சுரைக்குடுக்கை மேல் தோல் போர்த்தியது. இங்கேயும் தோல்! ஆனா, 1920-களில் ரெகார்டு கம்பெனிகள் ஒரே மண்ணின் பாட்டைக் கடை ரேக்கில் இரண்டாகப் பிரித்தன. கறுப்பர் பாடினால் 'ரேஸ்' ரெகார்டு, வெள்ளையர் பாடினால் 'ஹில்பில்லி' ரெகார்டு.

1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் என்கிற ஊருக்கு, விக்டர் கம்பெனியின் மைக் முன்னாடி பாட, வர்ஜீனியா மலைக்கிராமத்திலிருந்து வந்தது ஒரு புது கோஷ்டி. ஏ.பி.கார்ட்டர், மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட தங்கையும் கர்ப்பிணியுமான மேபெல். ஒரு பாட்டுக்கு 50 டாலர் என்று இரண்டு நாளில் 6 பாட்டு பதிவானது. கன்ட்ரி இசையின் 'முதல் குடும்பம்' என்று இன்றைக்கும் கொண்டாடப்படுகிற கார்ட்டர் ஃபேமிலியின் அறிமுகம் அதுதான்.

ரெகார்டு விற்றதும் இன்னும் பாட்டு வேணுமே! கார்ட்டர் மலைக்கிராமங்களில் வீடு வீடாகப் பாட்டுத் தேடி அலைந்தார். கூடப்போனவர் லெஸ்லி ரிடில் என்கிற கறுப்பின கிடார் கலைஞர். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். கார்ட்டர் வரிகளைக் குறித்துக்கொள்வார், மெட்டை மனசுக்குள் பிடித்துவைப்பது ரிடிலின் வேலை. ஒருவகையில் அவர்தான் அந்த பேண்டின் டேப் ரெகார்டர். மேபெலும் அவரிடமிருந்து கிடார் கற்றார். கார்ட்டர் ஃபேமிலியின் ரெகார்டுகளில் ரிடில் பேர் கிடையாது.

1960-களில் மைக் சீகர் என்கிற இசைக் கலைஞர் ரிடிலைத் தேடிக் கண்டுபிடித்தார். கிடாரை விட்டே வருஷக்கணக்கான மனுஷனைத் திரும்ப வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகள் 'ஸ்டெப் பை ஸ்டெப்' என்று ரிடிலின் பேரிலேயே ஆல்பமாக வந்தன. வந்தது 1993-ல். அதை வாங்கிப் பார்க்க ரிடில் உயிரோடு இல்லை.