குளிர் வாங்கப் போன கதை

சென்னைப் பட்டணத்தில் ஒரு காலத்தில் குளிரை எடை போட்டு விற்றார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தை அடுத்த ஏரிகளில் உறைந்து கிடந்த பனிக்கட்டியை வாளால் அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி அனுப்பினார் பிரடெரிக் டியூடர் என்னும் வியாபாரி. 1833-ஆம் வருஷத்தில் அந்தச் சரக்கு கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. சென்னையில் அதைச் சேமித்து வைப்பதற்காக 1842-இல் கடற்கரையில் எழுப்பிய கட்டிடந்தான் ஐஸ் ஹவுஸ். 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதும், இன்று விவேகானந்தர் இல்லம் என்று விளங்குவதும் அதுவே.

கப்பல் பனிக்கட்டி மறைந்து போயிற்று. எடைக் கணக்கு மாத்திரம் போகவில்லை! இன்று கடைக்காரர் "ஒரு டன்னா, ஒன்றரை டன்னா, ஸார்?" என்று கேட்கிறாரே, அது யந்திரத்தின் எடையல்ல. 2000 ராத்தல் பனிக்கட்டி இருபத்து நான்கு மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு உஷ்ணத்தை வாங்கிக் கொள்ளுமோ, அவ்வளவு உஷ்ணத்தை அதே காலத்தில் அறையிலிருந்து வெளியேற்றக் கூடிய யந்திரத்துக்கு ஒரு டன் என்று பெயர். மணிக்கு 12,000 பி.டி.யூ. என்று எழுதியிருப்பதும் அந்தக் கணக்குத்தான்.

இந்த விஷயமெல்லாம் எனக்குத் தெரிய வந்தது என் நண்பர் ஒருவரால். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்காலையில் அவருக்கு வேலை. இரும்பு உருக வேண்டுமானால் 1500 டிகிரிக்கு மேல் உஷ்ணம் வேண்டும். அந்த உலையின் முன்னால் இராத்திரி ஷிப்டு முழுவதும் நின்றுவிட்டு, காலையில் வீட்டுக்கு வந்து பகலில் தூங்க வேண்டும். வீடோ மாடி வீடு. தலைக்கு மேலே கான்கிரீட் தளம். அதற்கு மேலே சூரிய பகவான். சித்திரை மாதத்தில் அவர் நான்கு நாள் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் உலையருகில் நின்றபடியே கண் அயர்ந்துவிட்டாராம். பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் தப்பினார். "குளிர்சாதனம் பணக்காரர்களின் சுகம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருவருமாகத் திருவள்ளூர்க் கடைத்தெருவுக்குப் போனோம். கடைக்காரர் மரியாதைக்காரர், குளிர்ந்த மோர் கொடுத்தார். 2025 செப்டம்பரில் வரி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததை எடுத்துச் சொன்னார். தவணை வசதியையும் சொன்னார். பிறகு "அறை எத்தனை அடி?" என்றார். "பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு" என்றார் நண்பர். "அப்படியானால் ஒரு டன் தாராளம்!" என்று முடித்துவிட்டார் கடைக்காரர்.

அவர் கேட்காமல் விட்ட கேள்விகள்தான் முக்கியமானவை. மாடியா, கீழ்வீடா? மேற்குச் சுவரில் வெயில் விழுகிறதா? பகலில் ஓடுமா, இரவிலா? 120 சதுர அடிக்கு ஒரு டன் என்பது பொதுவான கணக்கு. ஆனால் மொட்டை மாடிக்குக் கீழே, நண்பகலில் தூங்குகிறவருக்கு அது போதாது. கூரையே அடுப்பாகி மேலிருந்து உஷ்ணத்தைக் கொட்டிக் கொண்டிருக்க, பாவம், யந்திரம் ஓயாமல் ஓடும். மின்சாரக் கட்டணமும் அதனோடு ஓடும்.

எனவே நண்பரை அன்று வெறுங்கையோடு திருப்பி அழைத்து வந்தேன். கடைக்காரருக்கு என் மேல் வருத்தந்தான். முதலில் கூரைக்கு வழி செய்தோம். நம் பெரியோர்கள் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் கனமாக இருந்து வெயிலைத் தடுத்தன. மெல்லிய கான்கிரீட் தளத்தின் மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்தால் ஓரளவு அந்தப் பலன் கிடைக்கும். அதற்கும் கையில் பணமில்லையென்றால் தளத்துக்கு வெள்ளை அடித்தாலே அறையின் சூடு தணிவதை அன்றைக்கே உணரலாம். நண்பர் வெள்ளைதான் அடித்தார். அதற்குப் பிறகே ஒன்றரை டன் என்று தீர்மானித்தோம். "இரண்டு டன் வாங்கினால் இன்னும் நல்லதுதானே?" என்றார் அவருடைய சகதர்மிணி. நல்லதல்ல. அளவுக்கு மிஞ்சிய யந்திரம் அறையைச் சட்டென்று குளிர வைத்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை இறுத்து எடுப்பதற்கு அதற்கு அவகாசம் இராது. உடம்பு சில்லென்று இருந்தும் பிசுபிசுவென்று இருக்கும். வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும் இன்வெர்ட்டர் யந்திரங்களில் இந்தத் தொல்லை குறைவு; அடியோடு இல்லையென்று சொல்ல முடியாது.

ஈரம் என்ற விஷயத்தை நம் ஜில்லாவில் யாரும் அலட்சியம் செய்வதற்கில்லை. 1902-இல் வில்லிஸ் காரியர் என்ற அமெரிக்க இளைஞர் முதல் குளிர்சாதனத்தை அமைத்ததே ஓர் அச்சுக்கூடத்தில் காகிதம் ஈரத்தால் நீளாமல், சுருங்காமல் இருக்க வேண்டுமென்பதற்காகத்தான். திருவள்ளூர் ஜில்லாவிலோ இரண்டு விதமான கோடை இருக்கிறது. மேற்கே திருத்தணிப் பக்கம் வறண்ட வெயில். மாநிலத்தில் மிகுதியான வெப்பம் பதிவான ஊர்களின் பட்டியலில் அதன் பெயர் அடிக்கடி வரும். அங்கே தண்ணீர் ஊற்றி வைக்கும் ஏர் கூலர் நண்பகலில் ஓரளவு பயன்படும், விலையும் குறைவு. கிழக்கே பழவேற்காடு, பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் கடற்காற்று. ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்த காற்றில் ஏர் கூலர் மேலும் ஈரத்தைச் சேர்க்கும். பணம் கொடுத்துப் புழுக்கத்தை விலைக்கு வாங்குவானேன்?

கடற்காற்றில் உப்பும் இருக்கிறது. வெளியே மாட்டும் பெட்டியின் சுருள்களை அது அரிக்கும். ஆலைப் புகை வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆகையால் இந்தப் பிரதேசத்தில் வாங்குகிறவர்கள் சுருள் தாமிரமா, அதன் மேல் அரிப்பைத் தடுக்கும் பூச்சு உண்டா என்று கேட்டே வாங்க வேண்டும். தாமிரச் சுருளில் ஓட்டை விழுந்தால் பற்ற வைப்பது எளிது. வெளிப் பெட்டியை அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவி விட்டால் அதன் ஆயுள் நீளும்.

அடுத்தபடியாக நட்சத்திரம். ஜாதக நட்சத்திரமல்ல; மத்திய சர்க்காரின் எரிசக்திச் சிக்கன அமைப்பு ஒட்டச் சொல்லும் சீட்டிலுள்ள நட்சத்திரம். 2010 முதல் இந்தச் சீட்டு கட்டாயம். பலரும் நட்சத்திரத்தை எண்ணுகிறார்களே தவிர, அதன் கீழே உள்ள எழுத்தைப் படிப்பதில்லை. எந்தக் காலத்துச் சீட்டு என்று பார்க்க வேண்டும். 2018-இல் ஸ்பிளிட் யந்திரத்துக்கு ஐந்து நட்சத்திரம் பெற 4.5 என்ற திறன் எண் போதுமாயிருந்தது. 2022 ஜூலையில் அதை 5 ஆக உயர்த்தினார்கள். பழைய சரக்கைத் தள்ளுபடியில் தருகிறவர் பழைய நட்சத்திரத்தையும் சேர்த்தே தருகிறார்!

சீட்டில் வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பது 1600 மணி நேரத்துக்கான கணக்கு. நண்பரோ வருஷத்தில் 250 நாள், நாளைக்கு எட்டு மணி நேரம் என்று 2000 மணி ஓட்டுவார். ஒரு பெட்டியில் 1000 யூனிட், இன்னொன்றில் 750 யூனிட் என்று இருந்தால், அவருக்கு வித்தியாசம் 250 அல்ல, 300-க்கு மேல். இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. நம் மின்சாரக் கட்டணம் படிக்கட்டு மாதிரி. ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறும். குளிர்சாதனம் செலவழிப்பது எப்போதும் உச்சிப் படியிலுள்ள யூனிட்டை. ஆகவே சராசரி விலையைப் போட்டுப் பார்ப்பது பிசகு. உச்சிப் படியில் 8 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் வருஷத்துக்கு 2,500 ரூபாய் மிச்சம். இரண்டு யந்திரங்களுக்கும் விலை வித்தியாசம் 7,000 ரூபாயானால் மூன்றாம் வருஷத்துக்குள் அது திரும்பி வந்துவிடும். அக்கினி நட்சத்திர நாட்களில் மட்டும் ஓட்டுகிற குடும்பத்துக்கு மூன்று நட்சத்திரமே போதும். ஐந்துக்குக் கொடுக்கும் பணம் திரும்பி வருவதற்குள் யந்திரமே கிழடாகிவிடும்.

சுதேசிச் சரக்கா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆந்திர எல்லையில் தடாவை அடுத்துள்ள ஸ்ரீசிட்டியில் புளூ ஸ்டார் கம்பெனியும் டைகின் கம்பெனியும் 2023-இல் குளிர்சாதன ஆலைகளைத் திறந்தன. ஆனால் யந்திரத்தின் இருதயமான கம்ப்ரஸர் வெகு காலமாகப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வந்தது. அந்த நிலையை மாற்றவே 2021-இல் மத்திய சர்க்கார் உற்பத்தி ஊக்கத் திட்டம் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். பெட்டி இங்கே செய்ததென்றால் இருதயமும் இங்கே செய்தது என்று கொள்ளக் கூடாது.

எல்லாம் சரியாக வாங்கினாலும், மாட்ட வருகிறவர் கெடுத்து விடலாம். இதில் எனக்கே அனுபவம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் என் வீட்டில் மாட்டிய ஒருவர், குழாய்களிலுள்ள காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுக்காமல், உள்ளே இருந்த வாயுவையே கொஞ்சம் திறந்து விட்டுக் காற்றைத் தள்ளிவிட்டார். அரை மணியில் வேலை முடிந்தது. அவருடைய சுறுசுறுப்பை மெச்சிக் காப்பி கொடுத்து அனுப்பினேன்! அடுத்த கோடையில் குளிர் இல்லை. "கேஸ் தீர்ந்து போச்சு, ஸார்" என்று நிரப்பிப் பணம் வாங்கினார்கள். அதற்கடுத்த கோடையிலும் அதே பாட்டு. யந்திரத்திலுள்ள வாயு, வண்டிக்குப் போடும் பெட்ரோல் அல்ல, மூடிய குழாய்க்குள் அது சுற்றிக் கொண்டே இருக்கும், செலவாவதே இல்லை. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வார்ப்பதுதான். மூன்றாம் வருஷம் வேறொருவர் வந்து, குழாய் மூட்டு ஒன்று சரியாக இறுகாமலிருந்ததைக் காட்டினார்.

ஆகவே நண்பர் வீட்டில் மாட்ட வந்தவரிடம் முதலில் "பம்பு கொண்டு வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்க் கொண்டு வந்தார். வெளிப் பெட்டியை நிழலான வடக்குச் சுவரில், சூடான காற்று தடையின்றி வெளியேறும்படி மாட்டச் சொன்னோம். உத்தரவாதச் சீட்டையும் நின்று படித்தோம். கம்ப்ரஸருக்குப் பத்து வருஷம் என்று பெரிய எழுத்து. வாயுவுக்கும் கூலிக்கும் அது பொருந்தாது என்று பொடி எழுத்து.

வந்தவர் போகிற போக்கில் வெந்நீர் கீஸர் ஒன்றையும் சிபாரிசு செய்தார். மீஞ்சூர் வட்டாரத்தில் கடல் நீர் நிலத்தடியில் புகுந்த கதை பழையது. அத்தகைய உப்புத் தண்ணீரில் கீஸர் கம்பி சுண்ணாம்பு படிந்து சீக்கிரம் கெடும். "மார்கழியில் பார்த்துக் கொள்ளலாம்" என்று நண்பர் சொல்லிவிட்டார்.

யந்திரத்தை 26 டிகிரியில் வைத்து, மின்விசிறியையும் மெதுவாக ஓட விட்டிருக்கிறார்கள். தண்ணீர்க் குழாயின் கீழே ஒரு வாளி வைத்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் அது நிரம்பிவிடுகிறது. போன வாரம் பகல் பதினோரு மணிக்குப் போயிருந்தேன். வாசற் கதவில் குழந்தையின் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்கிற்று: "அப்பா தூங்குகிறார். மணி அடிக்காதீர்கள்." நான் ஓசைப்படாமல் திரும்பி வந்துவிட்டேன்.