ஏடு தேடிய அறிஞர்கள்

காவேரிப்பட்டினம் என்று சொன்னதும் வெளியூரார் பலர் சிலப்பதிகாரத்துப் பூம்புகாரை நினைத்துக்கொள்வர். அது கடலோரக் காவிரிப்பூம்பட்டினம். நம்முடையதோ கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையில் அமைந்த பாராமகால் சீமையின் பட்டினம். 1767-ஆம் ஆண்டில் ஐதர் அலியின் சேனையும் ஆங்கிலேயரின் சேனையும் இவ்வூர்க் கோட்டைக்காகப் பொருதன. 1792-ஆம் ஆண்டில் திப்பு சுல்தானிடமிருந்து இச்சீமை ஆங்கிலேயர் வசமாயிற்று. பெயர் ஒற்றுமையால் ஊர் மாறிப்போவது போலவே, பழங்கதைகளில் ஆளும் மாறுவதுண்டு, ஆண்டும் மாறுவதுண்டு. யார் எழுதியது, எப்போது எழுதியது, கண்டு எழுதியதா, கேட்டு எழுதியதா என்று வினவுவதே திருச்சபை வரலாற்றை ஆராய்வோரின் முதற்கடமை.

அத்தகையோரைப் பற்றி நம் குடும்பங்கள் அதிகம் அறிவதில்லை. வேதசாட்சிகளையும் மறைப்பணியாளரையும் அறிவோம். அவர்தம் வரலாற்றைத் தூசு தட்டி எடுத்துத் தந்தவர்களை யார் நினைக்கிறார்கள்?

புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அவர் குருவானவர் அல்லர், பொதுநிலையினர். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் பணியாற்றியவர். தமிழ்ப் பற்று மிக்க எல்லிஸ் துரை, வீரமாமுனிவரின் நூல்களைத் தேடிக் கொணருமாறு அவரைத் தென்னாட்டுக்கு அனுப்பினார். ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் திரட்டிய பிள்ளை, முதியோர் வாய்மொழியையும் கேட்டறிந்து, 1822-இல் முனிவரின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். அவர் அன்று அலையாதிருந்தால் எத்தனை ஏடுகள் கரையானுக்கு இரையாகியிருக்குமோ!

ஆயினும் வாய்மொழிக்கு ஒரு குறை உண்டு. அன்பு மிகும்போது அது வளரும். முனிவர் சந்தா சாகிபின் திவானாக விளங்கினார் என்பது முதலிய செய்திகள் அவ்வகையில் பரவின. 1918-இல் லெயோன் பெஸ் என்னும் பிரெஞ்சு சேசு சபைக் குரு, முனிவரின் காலத்தையும் நூல்களையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டு, இக்கதைகளைச் சபையின் ஆவணங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். முனிவர் மறைந்தது 1742-இல் என்று பலர் எழுதிவந்தனர். சேசு சபைப் பதிவுகளோ, அவர் 1747-இல் கேரளத்து அம்பழக்காட்டில் இறைவனடி சேர்ந்தார் எனக் காட்டுகின்றன. திவான் பட்டம் போனால் தேம்பாவணியின் சுவை குன்றிவிடுமா என்ன?

இதினும் வியப்பான செய்தி நமக்கு அண்மையிலுள்ள மைசூர் நாட்டைச் சார்ந்தது. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களைத் தேற்ற அங்குச் சென்றவர் பாரிஸ் வேதபோதக சபையின் துபுவா சுவாமியார். நாட்டு உடையணிந்து மக்களோடு மக்களாக வாழ்ந்தவர். பெரியம்மைத் தடுப்புக்காக அரும்பாடுபட்டவர். இந்திய மக்களின் பழக்க வழக்கங்களைப் பற்றிய அவரது கையெழுத்துப் படியைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைகொடுத்து வாங்கியது. 1816-இல் அது இலண்டனில் ஆங்கில நூலாக வெளிவந்து, அவர் பெயர் உலகெங்கும் பரவிற்று.

நூற்றெழுபது ஆண்டுகள் சென்றன. பிரான்சு நாட்டு அறிஞர் சில்வியா முர் என்னும் அம்மையார், இலண்டனில் இருந்த 1777-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படி ஒன்றைத் துபுவாவின் நூலோடு ஒப்பிட்டார். அந்நூலின் பெரும்பகுதி, புதுச்சேரியில் வாழ்ந்து 1779-இல் மறைந்த கேர்து என்னும் சேசு சபைக் குருவின் எழுத்திலிருந்து பெறப்பட்டது என்பது புலனாயிற்று. 1987-இல் அம்மையார் இதனை நூலாக வெளியிட்டார். துபுவாவின் புகழ் சற்றுக் குறைந்தது மெய்யே. ஆனால் மறக்கப்பட்டிருந்த வேறொரு குருவானவர் எழுந்து நின்றார்! வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவை, வில்லியம் ஜோன்ஸ் கூறுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே பாரிஸ் அறிஞர் கழகத்துக்கு எழுதி அனுப்பியவர் இந்தக் கேர்து. உண்மையைத் தேடப் போனால் நமக்கு நட்டமே வரும் என்று அஞ்சுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

நம் காலத்துக்கு அணித்தாக வாழ்ந்த சேசு சபைக் குரு ச. இராசமாணிக்கம் அடிகளாரை இங்குக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. தத்துவபோதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலியைப் பற்றிப் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் மலிந்திருந்தனவேயன்றி, அவர் எழுதிய தமிழ் நூல்களைப் படித்தவர் அரியர். அடிகளார் அவற்றைத் தேடிப் பதிப்பித்தார். 1586-இல் அச்சேறிய ஹென்றிக்ஸ் அடிகளாரின் 'அடியார் வரலாறு' என்னும் பழந்தமிழ் உரைநடை நூலையும் 1967-இல் மீண்டும் நம் கைக்குத் தந்தார். 1623-இல் சேந்தமங்கலம், சேலம் வரை வந்த தத்துவபோதகர் நமக்கு அயலார் அல்லர்.

சரி, நம் சீமையின் வரலாறு எங்கே? பதினேழாம் நூற்றாண்டின் இடையில் சின்னாமி சுவாமியார் சீரங்கப்பட்டணத்தில் தொடங்கிய மைசூர் மறைப்பணி, இப்பக்கத்துத் தருமபுரிச் சீமையிலும் பரவிற்று. அப்பணியின் செய்திகள் உரோமைக்கு எழுதிய மடல்களில் உள்ளன. அவற்றைக் கொண்டு பெரோலி சுவாமியார் 1955-இல் மைசூர் சேசு சபையாரின் வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பின்வந்த பாரிஸ் சபையாரின் பணியை லோனே என்பவர் 1898-இல் பிரெஞ்சில் எழுதினார். சேலம் மறைமாவட்டமோ புதுவை, மைசூர், குடந்தைப் பகுதிகளைப் பிரித்து 1930-இல் அமைக்கப்பட்டது. அதிலிருந்து தருமபுரி 1997-இல் பிரிந்தது. ஆகவே, இப்பகுதிக் குடும்பம் ஒன்றின் ஐந்து தலைமுறையை அறிய விழைபவர் பல ஊர்களின் பழம் பேழைகளைத் திறக்க வேண்டும். இலத்தீனும் பிரெஞ்சும் ஓரளவேனும் கற்க வேண்டும். குருமடங்களில் திருச்சபை வரலாறு கட்டாயப் பாடமே. எனினும் இம்மொழிகளைக் கற்று, பழங்கையெழுத்தைப் படிக்கப் பழகும் மாணவர் மிகச் சிலர். பொதுநிலையினர் அவரினும் சிலர். முத்துசாமிப் பிள்ளையின் வழியில் நம் இல்லத்துப் பட்டதாரிப் பிள்ளைகளில் ஒருவரேனும் செல்லக்கூடாதா?

அதுவரை நாம் செய்யக்கூடிய சில உண்டு. பழைய ஞானஸ்நான, திருமண, மரணப் பதிவேடுகளைப் பேணிக் காக்குமாறு திருச்சபைச் சட்டமே பணிக்கிறது. பங்கு அலுவலகத்தில் அவை ஈரச் சுவரை ஒட்டி இராமல் பார்த்துக்கொள்ளப் பங்குப் பேரவையினர் குருவானவருக்குத் துணைநிற்கலாம். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் திருமண ஓலைகள், பழைய செபப் புத்தகத்தின் முதல் தாளில் தாத்தா எழுதிவைத்த பிறந்த நாட்கள் ஆகியவற்றைப் படியெடுத்து, எந்த ஊரில் யாரிடமிருந்து கிடைத்தது என்ற குறிப்போடு வைக்கலாம். பாட்டிமார் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம். நவம்பர் மாதத்தில் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு முன், தேய்ந்த எழுத்துக்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.