மைல் கணக்கு பறப்பவருக்கே

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஊர்க் கல்யாணத்துக்குப் போக முன்பெல்லாம் கோரமண்டல் எக்ஸ்பிரஸைத்தான் நம்பியிருந்தன. இப்போது டம்டம்மில் விமானம் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் சென்னை. அதே விமானத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகும் வங்காளிகளும் இருப்பார்கள். நோயாளி ஒருவர், துணைக்கு ஒருவர் இருவர், சிகிச்சை முடியும்வரை திரும்பத் திரும்பப் பயணம். இப்படி அடிக்கடி பறக்கிறவர்களுக்கு விமான நிறுவனங்கள் தரும் சலுகைதான் மைல் அல்லது பாயின்ட். ஆனால் அது தானாக வந்து சேராது. டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘அட்வான்டேஜ்’ திட்டத்தைத் தொடங்கியபோது கணக்கு எளிமையாக இருந்தது: எத்தனை மைல் பறந்தீர்களோ அத்தனை மைல் வரவு. அந்த முறையில் கொல்கத்தா–சென்னைக்கு ஏறத்தாழ 860 மைல் கிடைக்கும். இப்போது பல நிறுவனங்கள் தூரத்தை விட்டுவிட்டு, செலவழித்த பணத்தைப் பார்க்கின்றன. ஏர் இந்தியாவும் 2024-இல் அப்படி மாறியது. அதன் ‘ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்’ திட்டத்துக்கு இப்போது ‘மகாராஜா கிளப்’ என்று பெயர். செலவு என்றால் நீங்கள் கட்டிய முழுத் தொகையும் அல்ல. அடிப்படைக் கட்டணத்துக்கும் விமான நிறுவனமே விதிக்கும் கூடுதல் கட்டணத்துக்கும்தான் பாயின்ட். ஜி.எஸ்.டி., விமான நிலையத்துக்குப் போகும் பயனர் கட்டணம் போன்றவை சேராது. எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வரவானால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

அடுத்த விதியைத்தான் நம் குடும்பங்கள் அறியாமல் விட்டுவிடுகின்றன. பணம் கட்டியவருக்குப் பாயின்ட் கிடையாது, பறந்தவருக்கே. பெங்களூரில் இருக்கும் மகன் கொல்கத்தாவில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போட்டுத் தன் உறுப்பினர் எண்ணையே இருவருக்கும் கொடுத்தால் ஒன்றும் சேராது. அப்பாவுக்கு ஒரு கணக்கு, அம்மாவுக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாகத் தொடங்க வேண்டும். அதற்குக் காசு இல்லை. மின்னஞ்சல் முகவரியும் கைபேசி எண்ணும் போதும். மகன் தன் கிரெடிட் கார்டில் கட்டியதற்குக் கார்டு நிறுவனம் தரும் புள்ளிகள் வேறு கணக்கு. அவை மகனுக்கு வரும், விமானப் பாயின்ட் பெற்றோருக்குப் போகும். இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

பெயர் விஷயத்தில் தமிழர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். முகர்ஜிக்கும் சக்ரவர்த்திக்கும் சிக்கல் இல்லை. நமக்கோ அப்பா பெயரின் முதலெழுத்துதான் முன்னால் நிற்கும். ஒரே அம்மா ஆதாரில் ‘ஆர். மீனாட்சி’, பாஸ்போர்ட்டில் ‘மீனாட்சி ராமசாமி’, பேரன் போட்ட டிக்கெட்டில் ‘ராமசாமி மீனாட்சி’. உறுப்பினர் கணக்கில் இருக்கும் பெயரும் டிக்கெட்டில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் பாயின்ட் வரவாகாமல் நின்றுவிடும். பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ள பெயரையே, அதே ஆங்கில எழுத்துக்கூட்டலோடு, கணக்குக்கும் டிக்கெட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் விமான நிலைய வாசலில் காட்டப்போகும் அடையாள அட்டையின் பெயரை வைத்துக்கொள்ளலாம். எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால் பிறகு மாற்றவே கூடாது.

டிக்கெட்டை எங்கே போடுவது? விமான நிறுவனத்தின் சொந்தத் தளமோ செயலியோதான் என் முதல் தேர்வு. அங்கே உங்கள் கணக்கில் நுழைந்துவிட்டே டிக்கெட் போட்டால் எண் தானாகப் பதிவாகிவிடும். மேக்மைட்ரிப், கிளியர்ட்ரிப், யாத்ரா போன்ற தளங்களில் பயணி விவரம் கேட்கும் பக்கத்தின் கீழே உறுப்பினர் எண்ணுக்கான கட்டம் ஒளிந்திருக்கும். சில நேரம் இருக்கவே இருக்காது. அப்போது டிக்கெட் வந்ததும் பி.என்.ஆர். எண்ணோடு நிறுவனத்தின் தளத்துக்குப் போய்ச் சேர்த்துவிடலாம். அதையும் மறந்தால் செக்-இன் செய்யும்போது சொல்லலாம். நேரடியாகத் தங்களிடம் வாங்கினால்தான் பாயின்ட் என்றோ, வெளியே வாங்கினால் குறைவு என்றோ சில திட்டங்களில் விதி உண்டு. இண்டிகோ 2024-இல் அறிவித்த ‘புளூசிப்’ உட்பட எதுவானாலும் பணம் கட்டும் முன் அந்த விதியைப் படித்துவிடுங்கள்.

வெளிநாட்டுப் பயணத்தில் இன்னொரு வசதி உண்டு. கொல்கத்தாவிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் மகளைப் பார்க்கப் போகிறவர் அந்த மைலை அதன் ‘கிரிஸ்ஃப்ளையர்’ கணக்கில்தான் போட வேண்டும் என்பதில்லை. ஏர் இந்தியா 2014 ஜூலையிலிருந்து ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் தாய் ஏர்வேஸும் அதே கூட்டணி. ஆகவே மகாராஜா கிளப் எண்ணைக் கொடுத்தும் சேர்க்கலாம். மூன்று கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறுவதைவிட ஒரே கணக்கில் திரள்வது நல்லது. ஒரு பயணத்துக்கு ஒரு கணக்கில்தான் வரவு. மிக மலிவான கட்டண வகுப்புகளுக்குக் கூட்டணி நிறுவனங்கள் குறைவாகவே தரும், சிலவற்றுக்கு எதுவும் தராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பாயின்டுக்காக விலை கூடிய டிக்கெட்டை வாங்காதீர்கள். நேரமும் விலையும் ஒத்துவரும் விமானத்தில் போங்கள், போகிற போக்கில் சேர்வதைச் சேருங்கள். சேர்த்ததைப் பூட்டியும் வைக்காதீர்கள். கிங்ஃபிஷர் 2012-இல் நின்றபோது அதன் ‘கிங் கிளப்’ மைல்களால் பறக்க வழியில்லாமல் போனது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி பறப்பதை நிறுத்தியது. அதன் பாயின்ட் திட்டம் ‘இன்டர்மைல்ஸ்’ என்ற பெயரில் தொடர்ந்தாலும் சேர்த்தவர்கள் பறக்க நினைத்த விமானங்கள் இல்லை. நல்ல நிலையில் இருக்கும் திட்டத்திலும் காலக்கெடு உண்டு: கிரிஸ்ஃப்ளையர் மைல் மூன்று ஆண்டில் காலாவதியாகும். பாயின்டில் எடுக்கும் டிக்கெட்டுக்கும் வரிகளைப் பணமாகக் கட்ட வேண்டும் என்பதால் அந்தத் தொகையையும் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

பயணம் முடிந்து சில வாரத்தில் வரவாகவில்லை என்றால் நிறுவனத்தின் தளத்தில் விடுபட்ட பாயின்ட் கோரும் படிவம் இருக்கும். அதில் 13 இலக்க டிக்கெட் எண் கேட்பார்கள் (ஏர் இந்தியா என்றால் 098 என்று தொடங்கும்). போர்டிங் பாஸும் கேட்கலாம். கோருவதற்குச் சில மாதம்தான் அவகாசம். அதனால் வேலூரிலிருந்து திரும்பும் வழியில் மருத்துவ ரசீதுகளோடு போர்டிங் பாஸையும் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.