மரியா கொரெற்றி: நம்பிக்கையும் மன்னிப்பும்

புனித மரியா கொரெற்றி (அக்டோபர் 16, 1890 – ஜூலை 6, 1902) இத்தாலி நாட்டைச் சேர்ந்த கத்தோலிக்க மறைசாட்சி ஆவார். பதினோரு வயதில் கொலையுண்ட இச்சிறுமி, தம்மைத் தாக்கியவரைச் சாகும் முன் மன்னித்தார். இவரது திருவிழா ஜூலை 6.

வாழ்க்கை

இவர் கொரினால்டோ என்னும் ஊரில் லூயிஜி கொரெற்றி, அசுந்தா ஆகியோரின் மகளாகப் பிறந்தார். வறுமையால் குடும்பம் ஊர்விட்டு ஊர் சென்று, 1899இல் நெத்தூனோ நகருக்கு அருகிலுள்ள லெ ஃபெரியேரே என்ற இடத்தில் குத்தகை விவசாயிகளாகக் குடியேறியது. சதுப்பு நிலமான அப்பகுதியில் மலேரியா பரவியிருந்தது. அந்நோயால் 1900இல் தந்தை இறந்தார். தாய் வயலுக்குச் செல்ல, சமையலையும் தம்பி தங்கையரையும் மரியா கவனித்துக்கொண்டார். அதே வீட்டில் ஜொவான்னி செரனெல்லியும் அவர் மகன் அலெசாந்த்ரோவும் வசித்தனர்.

மறைசாட்சியம்

1902 ஜூலை 5 அன்று, மரியா தைத்துக்கொண்டிருந்தபோது, 20 வயதான அலெசாந்த்ரோ அவரைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்த முயன்றார். அது பாவம் என்று கூறி மரியா எதிர்த்தார். சினமுற்ற அலெசாந்த்ரோ அவரைப் பதினான்கு முறை குத்தினார். நெத்தூனோ மருத்துவமனையில் மறுநாள் மரியா உயிர்துறந்தார். அலெசாந்த்ரோவை மன்னிப்பதாகவும், அவரும் தம்மோடு விண்ணகத்தில் இருக்க வேண்டும் என்றும் இறக்கும் முன் கூறினார்.

கொலையாளியின் மனமாற்றம்

அலெசாந்த்ரோவுக்கு 30 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பல ஆண்டுகள் அவர் மனம் வருந்தவில்லை. பின்னர் மரியா தமக்கு லீலி மலர்கள் தருவதாகக் கனவு கண்டு மனம் மாறியதாக அவரே கூறினார். 1929இல் விடுதலையானார். பின்னொரு நாள் அசுந்தாவைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். மகளே மன்னித்துவிட்டபோது தாம் மறுக்க இயலாது என்று தாய் அவரை மன்னித்தார். இருவரும் ஒரே திருப்பலியில் நற்கருணை பெற்றனர். பிற்காலத்தில் கப்புச்சின் துறவியர் இல்லத்தில் பணிபுரிந்த அலெசாந்த்ரோ 1970இல் இறந்தார்.

புனிதர் பட்டம்

திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1947இல் மரியாவுக்கு அருளாளர் பட்டமும், 1950 ஜூன் 24 அன்று புனிதர் பட்டமும் வழங்கினார். மகளின் புனிதர் பட்ட விழாவில் தாய் அசுந்தாவும் பங்கேற்றார். மரியாவின் உடல் நெத்தூனோ பேராலயத்தில் உள்ளது. வன்முறைக்கு ஆளானோருக்கும் இளையோருக்கும் இவர் பாதுகாவலர்.

இவ்வாழ்வு தரும் பாடங்கள்

மரியாவின் நம்பிக்கை பெரிய கல்வியால் வந்ததன்று. வீட்டு வேலைகளுக்கும் செபத்திற்கும் இடையே வளர்ந்தது. அவர் அளித்த மன்னிப்பு குற்றத்தைச் சிறிதாக்கவில்லை. நீதிமன்றத் தண்டனையை நீக்கவும் இல்லை. குற்றம் செய்தவரும் திருந்தலாம் என்ற கதவை மட்டும் அது திறந்து வைத்தது. அக்கதவின் வழியே அலெசாந்த்ரோ வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. தாயின் மன்னிப்பும் எளிதானதன்று. மகளை இழந்த துயரத்தைச் சுமந்துகொண்டே அவர் அதை வழங்கினார். மேலும், வன்முறையில் குற்றம் முழுவதும் அதைச் செய்தவரையே சாரும். எதிர்க்க இயலாமல் போனவர்மீது எந்தக் களங்கமும் இல்லை என்பதை இவ்வரலாற்றைப் படிப்போர் மறத்தலாகாது.